சனிக்கிழமை டிராக்டர்

பக்கவாட்டு கேட்டின் கொக்கி சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கிறீச்சிடும். அதற்குள் அவள் குளித்து, உடுத்தி, சமையலறை மேடையைத் துடைத்து, டீக்குத் தண்ணீர் வைத்திருக்க வேண்டும். பதினோரு மாதமாக இதே கதைதான். கண்ணாடிக் கடையின் பின்னறையில் வாரம் முழுக்க லென்ஸ் தேய்க்கிறவளுக்குக் கிடைக்கிற ஒரே விடுமுறை சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைதான் ஊர் முழுக்கக் கண்ணைக் காட்ட வரும் என்பதால் அன்றைக்குக் கடைக்கு லீவு கிடையாது.

வருகிறவர்கள் மூன்று பேர். அவளுடைய கணவரோடு நீரேற்று நிலையத்தில் வேலை பார்த்தவர்கள். முதலில் உள்ளே வருகிறவர் ஃபோர்மேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் சட்டைப்பையில் அளவு டேப்பும் பென்சிலும் இல்லாமல் அவர் வெளியே கிளம்பியதில்லை. அடுத்தவர் ஸ்டோர்கீப்பர். நிலையத்துச் சாமான் அறையின் சாவிக்கொத்தும், எதற்கும் ஒரு கிண்டலும் அவர் சொத்து. கடைசியில் வருகிறவன் வெல்டர். மூவரில் இளையவன், பேச்சு குறைவு. தனியாகச் சின்னதாக ஒரு பட்டறையும் வைத்திருந்தான்.

அவர்கள் வருவது ஒரு டிராக்டருக்காக. வயல் உழுகிற பெரிய டிராக்டர் இல்லை. வீட்டுத் தோட்டத்துக்கும் புல்வெளிக்கும் என்று அந்தக் காலத்தில் செய்த குட்டி டிராக்டர். உட்கார்ந்தால் ஓட்டுகிறவரின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். ஒற்றை சிலிண்டர் எஞ்சின், வாணலி மாதிரி ஒரு இரும்பு சீட், ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்கக்கூடிய நிறம். மூடிப்போன ஒரு செடி நர்சரியில் கொடி படர்ந்து கிடந்ததை அவள் கணவர் பார்த்து, பார்த்த அன்றே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். "என்னைவிட மூத்தது. மரியாதையா நடந்துக்கோ" என்று அவளிடம் சொன்னார். நான்கு மாதத்தில் அதை ஒரு ஸ்குரூ விடாமல் கழற்றி, பிஸ்கட் டப்பாக்களில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் பெயர் எழுதி ஒட்டினார். மாட்ட ஆரம்பிக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை நீரேற்று நிலையத்துப் படியில் ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

துக்கத்துக்கு வந்த கூட்டம் கலைந்த பிறகு ஃபோர்மேன் ஷெட்டுக்குள் போய் அந்த டப்பாக்களைப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது.

"நீ ஒண்ணும் கவலைப்படாதம்மா. அவன் விட்ட வேலையை நாங்க முடிச்சுத் தர்றோம். இது எங்க கடமை."

அவள் தலையாட்டினாள். அன்றைக்கு யார் என்ன சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பாள்.

ஷெட் என்பது சமையலறையை ஒட்டிய தகரக் கொட்டகை. நடுவில் ஒரு ஜன்னல், அதற்குக் கதவு கிடையாது, கம்பி மட்டும்தான். மண்ணெண்ணெயில் அவர்கள் பல்சக்கரம் கழுவினால் அவளுடைய சோற்றில் அந்த வாசனை ஏறியது. சுத்தியல் தட்டினால் அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. துணி காயப்போடும் கம்பி அந்தப் பக்கத்து முற்றத்தில்தான் இருந்தது. மூன்று ஆண்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உள்ளாடையை உலர்த்த முடியுமா? வாரத்துணியை அவள் குளியலறைக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப்போட்டாள். தரையில் எண்ணெய்க் கறை படாமல் கழிப்பறைக்குப் போய்வர அவர்களுக்காகப் பழைய பாயை விரித்து வைத்தாள். ஒன்பதுக்கு ஒரு டீ, பதினொன்றரைக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று. மதியச் சாப்பாட்டை அவர்கள் கட்டிக்கொண்டுதான் வந்தார்கள். அந்த மட்டுக்கும் நல்லவர்கள். எல்லா விதத்திலும் நல்லவர்கள். அதுதான் சிக்கலே.

"இந்தக் காலத்துல யாரு செய்வா? நீங்க குடுத்து வெச்சவங்க" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"சொந்தத் தம்பிகூட இப்படி வரமாட்டான்" என்றார் வீட்டு உரிமையாளர்.

அவள் சிரித்து வைத்தாள். கணவர் போன துக்கத்தை உட்கார்ந்து அழுது தீர்க்கக்கூட அவளுக்கு ஒரு விடுமுறை நாள் கிடைக்கவில்லை என்பதை யாரிடம் சொல்வது? சொன்னால் நன்றிகெட்டவள் என்பார்கள்.

ஆறாவது மாதம் கடை மேனேஜர் அவளைக் கூப்பிட்டார். வேறொரு நகரத்தில் பெரிய லென்ஸ் கூடம் திறக்கிறார்கள், எட்டுப் பேர் வேலை செய்கிற அந்தக் கூடத்தை நடத்த அவளைப்போல் கைசுத்தமும் கண்சுத்தமும் உள்ள ஆள் வேண்டும் என்றார். தங்க இடமும் கிடைக்கும். அவள் அன்று வீட்டுக்கு நடந்தே வந்தாள். இருபத்திரண்டு வருடமாகக் குனிந்து உட்கார்ந்த ஸ்டூலிலிருந்து எழுந்துவிடலாம். இந்தச் சுவர்கள், அவர் உட்கார்ந்த நாற்காலி, அவர் மாட்டிய கொக்கிகள் எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் தள்ளி நின்று மூச்சு விடலாம். பிள்ளைகள் இல்லை, தடுக்க யாரும் இல்லை.

டிராக்டர் மட்டும் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பதினொன்றரை மணி டீயைக் கொடுத்தபடியே விஷயத்தைச் சொன்னாள். ஃபோர்மேன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"போகலாம்மா, தாராளமாப் போகலாம். இன்னும் ரெண்டே வாரம். இதை ஓட விட்டுட்டுப் போ. பாதியில போட்டுட்டுப் போனா அவன் மனசு என்ன பாடுபடும்?"

"இதை அப்படியே தம்பி பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிட்டா..."

"அங்க ஆளு நிக்கவே இடம் இல்ல அண்ணி" என்றான் வெல்டர், தரையைப் பார்த்தபடி.

"அவன் பட்டறையில கொசுகூட ஒத்தக் கால்லதான் நிக்கும்" என்றார் ஸ்டோர்கீப்பர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

இரண்டு வாரம் ஐந்து மாதம் ஆனது. வேலை நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. எஞ்சின் பூட்டியாயிற்று, கியர்பெட்டி பூட்டியாயிற்று, பெல்ட் புதிது, வெல்டர் விரிசல் விட்ட சேஸியை ஒட்டி ராவியதில் தழும்புகூடத் தெரியவில்லை. மஞ்சள் பெயின்ட் அடித்து, அது வழிந்து, சுரண்டி, மறுபடி அடித்தாயிற்று. ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. முதலில் கார்புரேட்டரில் அடைப்பு என்றார் ஃபோர்மேன். அடைப்பு இருந்தது, எடுத்தார்கள். பிறகு ஃப்ளைவீலைத் தண்டோடு பிடித்து வைக்கிற ஆப்புச்சாவி அறுந்திருக்கிறது என்றார். அறுந்துதான் இருந்தது, மாற்றினார்கள். கடைசியாக ஸ்பார்க் இல்லை. காயிலை மாற்றினார்கள், கண்டென்சரை மாற்றினார்கள், மூன்று பிளக் மாற்றினார்கள். ஸ்டோர்கீப்பர் கப்பியில் கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்தார். எஞ்சின் ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விட்டு அடங்கியது.

"கரண்ட் விஷயத்தை மட்டும் எங்கிட்ட விட்டுடுங்க. ரெண்டு கை பட்டா காரியம் கெட்டுடும்" என்பார் ஃபோர்மேன். சாயங்காலம் மற்ற இருவரும் கை கழுவப் போன பிறகு அவர்தான் கடைசியாக எல்லாவற்றையும் சரிபார்த்துத் தார்பாயைப் போர்த்துவார்.

ஒரு புதன்கிழமை மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். "இனிமே என்னால தள்ளிப்போட முடியாதும்மா. மேலேயிருந்து கேக்கறாங்க. ஒரு தேதி சொல்லுங்க."

அவளால் ஒரு தேதி சொல்ல முடியவில்லை. தன் வாழ்க்கையின் தேதியை ஒரு தகரக் கொட்டகைக்குள் யாரோ கையில் வைத்திருக்கிறார்கள் என்று முதல்முறையாக அவளுக்கு உறைத்தது. மூன்று மணிக்கே அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றாமல் ஷெட்டுக்குள் போனாள். லென்ஸின் விளிம்பில் கீறல் பார்க்க, கண்ணில் இடுக்கிக்கொள்ளும் பூதக்கண்ணாடி அவள் பையிலேயே இருந்தது. கணவர் நகலெடுத்து நூலால் தைத்து வைத்திருந்த பழைய கையேடு டப்பாக்களின் அடியில் இருந்தது.

பதினோரு மாதம் கம்பி ஜன்னல் வழியாகக் கேட்டதில் பாதிப் பாடம் அவளுக்கு ஏற்கெனவே தெரியும். எஞ்சினின் பக்கவாட்டில் உள்ளங்கை அளவு ஒரு மூடி, இரண்டே ஸ்குரூ. அதற்குள் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் தொட்டுத் தொட்டுப் பிரிய வேண்டும். அப்படித் தொட்டுப் பிரிவதில்தான் ஸ்பார்க் பிறக்கிறது. ஒரு தடித்த அட்டையின் அளவுக்கு இடைவெளி. அரை மில்லிமீட்டர் என்று கையேட்டில் கணவர் பென்சிலால் அடிக்கோடு போட்டிருந்தார். அவள் தினமும் அதில் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசத்தைப் பார்த்துத் தேய்க்கிறவள். இதெல்லாம் ஒரு வேலையா?

மூடியைக் கழற்றிக் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கினாள். புள்ளிகள் புதிதாகப் பளபளத்தன. ஆனால் கீழ்ப் புள்ளியின் மேல் வெளிச்சம் கொஞ்சம் வேறு மாதிரி வழுக்கியது. நகத்தால் சுரண்டினாள். ஒரு துணுக்கு கையோடு வந்தது.

நிறமில்லாத ஒட்டு நாடா. அரிசியைவிடச் சின்னது. பிளேடால் வெட்டி, நான்கு மூலையையும் லேசாக வட்டமாகக் கத்தரித்திருந்தது.

அவள் அதை விரல் நுனியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மூலையை வட்டமாக வெட்டாமல் எதையும் ஒட்டாத மனிதர் ஒருவரை அவளுக்குத் தெரியும். மூடிகளுக்கு அடியில் கசியாமல் வைக்கிற கேஸ்கெட் அட்டையை வெட்டும்போது மற்ற இருவருக்கும் அவர் ஒவ்வொரு தடவையும் சொல்வதை ஜன்னலில் கேட்டிருக்கிறாள்: "மூலை கூரா இருந்தா அங்கேருந்துதான் உரியும்."

பெட்ரோல் குழாயைத் திறந்தாள். சோக்கை மூடினாள். கயிற்றைக் கப்பியில் சுற்றி, ஒரு காலைச் சக்கரத்தில் ஊன்றி இழுத்தாள். முதல் இழுப்புக்கு இருமியது. இரண்டாவதற்கு ஒரு புகைக்குமிழ். மூன்றாவது இழுப்பில் கயிறு கையை விட்டுப் பறந்தது. ஷெட் முழுக்க அதிர, சமையலறை டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ள, அந்தப் பழைய எஞ்சின் குதிரை கனைப்பது போல ஓட ஆரம்பித்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்தாள். அரை நிமிடம் இருக்கும். அப்புறம் அதே வேகத்தில் கோபம் வந்தது. ஐந்து மாதம்! அவளுடைய இருபது சனிக்கிழமை! எஞ்சினை அணைத்தாள்.

நாடாத் துணுக்கை எடுத்துப் பழைய இடத்திலேயே ஒட்டி மூடியைப் பூட்டினாள். முதலில் அவரைப் பார்த்துக் கேட்க வேண்டும். அதற்குள் எதையும் கலைக்கக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் வேலை முடிந்து ஃபோர்மேன் வீட்டுக்குப் போனாள். மூன்றாவது மாடி, மகனின் ஃபிளாட். கேட்க வேண்டியதையெல்லாம் படியேறும்போதே மனசுக்குள் வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். கதவைத் திறந்தது மருமகள். நெற்றியில் வேர்வை, கையில் சிவப்புப் பேனா. உள்ளே ஒரே ஹால். ஹால் முழுக்கப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாலின் கோடியில், செருப்பு அலமாரியை ஒட்டி ஒரு ஒற்றைக் கட்டில். அதன் மேல் மடித்த போர்வை, ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ, பென்சில் டப்பா. ஃபோர்மேனின் உலகம் அவ்வளவுதான் போலிருந்தது. அவர் அங்கே இல்லை.

"மாமா கடைத்தெருவுல இருப்பாரு. டியூஷன் முடிஞ்சதும் வந்துடுவாரு" என்ற மருமகள் அவளை அடையாளம் தெரிந்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானா! உள்ள வாங்கக்கா. உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல."

"எனக்கா? எதுக்கு?"

"சாயங்காலம் ரெண்டு மணி நேரம்னா எங்கேயாவது சுத்திட்டு வந்துடுவாரு. சனிக்கிழமை எனக்குக் காலையிலேருந்து ராத்திரி வரை மூணு பேட்ச். முப்பது பிள்ளைங்க. அவரு எங்க போவாரு சொல்லுங்க? முன்னாடியெல்லாம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருப்பாராம். அங்க ஒரு நாள் மயங்கி விழுந்துட்டாரு. எங்க வீட்டுக்காரருக்கும் எனக்கும் அதுல எவ்வளவு சண்டை தெரியுமா? டியூஷனை விட்டுடலாம்னா, வீட்டு லோன்..." அவள் பேனாவால் காதோரத்தைச் சொறிந்தாள். "உங்க டிராக்டர் வேலை வந்தப்புறம்தான் அவரும் மனுஷராயிட்டாரு, எங்களாலயும் மூச்சு விட முடியுது. வெள்ளிக்கிழமையே சட்டையை அயர்ன் பண்ணி வெச்சுடுவாரு. நல்லா இருக்கணும் நீங்க."

வரிசையாக அடுக்கி வைத்த கேள்வி ஒன்றுகூட வாயைத் தாண்டவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு இறங்கி வந்தாள். இத்தனை நாள் அவள் அடைபட்டிருந்த கூண்டுக்குக் கதவு இருப்பதே தெரியாமல் இருந்தது. இப்போது கதவு தெரிகிறது. அதன் மேல் ஒரு கிழவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்.

அந்தச் சனிக்கிழமையும் அவள் வழக்கம்போல டீ போட்டுக் கொடுத்தாள். ஸ்டோர்கீப்பர் முப்பது தடவை கயிறு இழுத்துத் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஃபோர்மேன் மூடியைத் திறந்து, உடம்பால் மறைத்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "வயரிங்கை முழுசா மாத்திடலாம். மூணு வாரம் ஆகும்" என்றார். அவர் சட்டையில் அயர்ன் மடிப்பு கத்தி மாதிரி நின்றது.

மாலையில் வெல்டர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். அவள் சோப்பை நீட்டினாள்.

"தம்பி, உங்களை ஒண்ணு கேக்கணும்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நீங்களும் அந்த மூடியைத் திறந்துட்டீங்களா அண்ணி?"

அவளுக்குக் கையிலிருந்து சோப்பு நழுவியது. "நீங்களும்னா? உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டு மாசமாத் தெரியும். அவர் ஒரு நாள் பாத்ரூம் போனப்ப திறந்து பார்த்தேன்." குரலைத் தாழ்த்தினான். "வீட்ல எம் பொண்டாட்டி எங்கூடப் பேசுறதே இல்ல. சனிக்கிழமைதான் பட்டறைக்கு ஆளு வரும். பூட்டிட்டு இங்க வந்துடுறேன்ல. ஆனா அவரு எனக்கு வேலை கத்துக் குடுத்தவரு. எப்படிச் சொல்றது?"

"ஸ்டோர் அண்ணனுக்கு?"

"அவருக்கு எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா முப்பது தடவை இழுத்தாரு?"

"இழுக்கலைன்னா சந்தேகம் வந்துடும்ல" என்றான் வெல்டர். தோளை நீவிக்கொண்டே வந்த ஸ்டோர்கீப்பர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஓ, சங்கதி வெளியே வந்தாச்சா?" என்றார். "எனக்கு எலும்பு டாக்டர் கயிறே தொடக்கூடாதுன்னு சொல்லிட்டாரு அண்ணி. நீங்க எப்ப வாயைத் திறப்பீங்கன்னுதான் நாங்க காத்துக்கிட்டிருந்தோம்."

"நானா? உங்களுக்குத் தெரியும்னே எனக்கு இப்பத்தான்..." அந்தக் குழாயடியில் மூன்று பேரும் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தருடைய நல்ல மனசில் இன்னொருத்தர் சிக்கி, யாருக்கும் யாரையும் அவிழ்த்துவிடத் தைரியம் இல்லை. ஷெட்டுக்குள் ஃபோர்மேன் தார்பாயை நான்கு மூலையும் சமமாக இழுத்துப் போர்த்துகிற சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை மேனேஜர் நேரே பின்னறைக்கு வந்தார். கூடத்தை நடத்துகிற பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சாதாரண மேசை ஒண்ணு காலியா இருக்கு. இங்க செய்யற அதே வேலைதான், அதே சம்பளம்தான். உங்களுக்கு அது வேண்டாம்னுதான் இருக்கும்."

அவள் தேய்த்துக்கொண்டிருந்த லென்ஸைத் துடைத்து உறையில் போட்டாள். எட்டுப் பேர், தனி மேசை, எழுந்து நடக்கிற வேலை, எல்லாம் போயிற்று. யார் மேல் கோபப்படுவது? நாடா ஒட்டியவர் மேலா, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த தன் மேலா?

"வர்றேன் சார். இந்த மாசக் கடைசியில" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை கேட் கொக்கி கிறீச்சிட்டபோது அடுப்பில் டீத் தண்ணீர் இல்லை. அவள் ஷெட்டுக்குள் நின்றிருந்தாள். கணவரின் பழைய காக்கிச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். கையில் ஸ்குரூ டிரைவர். உள்ளே வந்த மூவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"இன்னைக்கு நான்தான் ஸ்டார்ட் பண்ணப் போறேன்ணே" என்றாள் ஃபோர்மேனிடம். "மூடியையும் நானே கழட்டிப் பார்க்கிறேன். லென்ஸ் பார்க்கிற கண்ணு. ஏதாவது தெரியுதான்னு பார்ப்போம்."

ஃபோர்மேன் முகத்தில் ஈயாடவில்லை. ஸ்டோர்கீப்பர் கூரையைப் பார்த்தார். வெல்டர் சட்டைப் பொத்தானைத் திருகினான். ஒரு ஸ்குரூவை அவள் கழற்றிவிட்டாள். இரண்டாவதில் டிரைவரை வைக்கும்போது அவர் அருகே வந்தார்.

"குடும்மா. அதை நான் பண்றேன்."

அவள் கொடுத்தாள். அவர் குனிந்தார். இந்தத் தடவை உடம்பால் மறைக்கவில்லை. மூடியை எடுத்தார், சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து அதன் முனையால் புள்ளியின் மேலிருந்ததை நெம்பி எடுத்தார். விரலுக்கு நடுவில் உருட்டினார்.

"தூசிம்மா" என்றார்.

"ஆமாண்ணே. தூசிதான்" என்றாள் அவள்.

மூன்றாவது இழுப்பு வரை போகவில்லை. இரண்டாவதிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தில் யாரும் எதுவும் பேச வேண்டியிருக்கவில்லை, அது நல்லதாகப் போயிற்று. அவள் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஸ்டோர்கீப்பர் கேட்டை விரியத் திறந்து முன்னால் ஓடினார். வெல்டர் கிளட்ச், கியர் என்று காதருகே கத்தினான். அவள் தெருவுக்குள் இறக்கிவிட்டாள். எதிர்வீட்டுக்காரி வாசலில் வாளியோடு நின்றாள். நடக்கிற ஆளைவிடக் கொஞ்சம்தான் வேகம்; ஆனாலும் காற்று முகத்தில் பட்டது. ரிவர்ஸ் எப்படிப் போடுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை என்பது தெருமுனையில்தான் நினைவுக்கு வந்தது. அதனால் நான்கு தெருவையும் சுற்றிக்கொண்டு, இரண்டு ஆட்டோக்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு, மறுபக்கமாக வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தாள்.

அதுவரை ஃபோர்மேன் கேட்டருகிலேயே நின்றிருந்தார். எஞ்சினை அணைத்ததும் காதுக்குள் விண்ணென்றது.

"கியர்ல லேசா ஒரு சத்தம் இருக்கு" என்றார். "திறந்து பார்த்தா..."

மற்ற இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள்.

"இருக்கட்டும்ணே. அதோடயே ஓடட்டும். அடுத்த சனிக்கிழமை நான் பெட்டி கட்டிக்கிட்டிருப்பேன். அதுக்கடுத்த சனிக்கிழமை இந்த வீட்ல இருக்கமாட்டேன்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் தள்ளிப் போனதும், "நீ வீட்டுக்கு வந்ததா மருமக சொல்லுச்சு" என்றார்.

"வந்தேன்."

"உன் வேலை என்னாச்சு? அந்தப் பெரிய வேலை?"

பொய் சொல்லலாமா என்று அவள் யோசித்தாள். "அது போயிடுச்சுண்ணே. சின்னது ஒண்ணு கிடைச்சிருக்கு."

அவர் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அவர் வாய் அதற்குப் பழக்கப்படாதது. கண்ணில் நீர் நின்றது. அவளுக்கு அவரை இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் போலவும் இருந்தது, உள்ளே கூட்டிப்போய் உட்காரவைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"வெயில்ல பஸ் ஸ்டாண்டுல மட்டும் உக்காராதீங்க" என்றாள். "அது உங்க மகன் வீடு. உங்களுக்கும் அங்க இடம் வேணும்னு நீங்க சொல்லித்தான் ஆகணும். உங்களுக்காக வேற யாரும் சொல்ல முடியாது. எனக்கே சொல்றதுக்குப் பதினோரு மாசம் ஆச்சு."

அவர் கேட்டின் கம்பியை விட்டார். மடிப்புக் கலையாத சட்டையோடு தெருவில் நடந்து போனார்.

டிராக்டரை ஸ்டோர்கீப்பரின் மச்சான் பழத்தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். வெல்டரும் அந்த மச்சானுமாக வந்து கட்டி இழுத்துப்போனார்கள். அவள் புது நகரத்தில், ஜன்னல் இல்லாத ஒரு கூடத்தில், ஆறாவது மேசையில் உட்கார்ந்தாள். கூடத்தை நடத்துகிறவன் அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். லென்ஸைப் பிடிக்கிற விதமே சரியில்லை. அதைப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் நெஞ்சில் முள் குத்தும். ஆனால் சனிக்கிழமை அவளுடையதாக இருந்தது. முதல் சனிக்கிழமை அவள் படுக்கையை விட்டு எழவில்லை. பதினோரு மாதம் தள்ளிப்போட்ட அழுகையை மதியம் வரை அழுதாள். பிறகு துணி துவைத்து, மொட்டை மாடியில் எல்லாவற்றையும் வெயிலில் விரித்துக் காயப்போட்டாள்.

இரண்டு மாதம் கழித்து ஸ்டோர்கீப்பர் ஃபோன் செய்தார். வெல்டரின் மனைவி பேச ஆரம்பித்துவிட்டாள், இப்போது நிறுத்தமாட்டேன் என்கிறாளாம். தோள் பரவாயில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகும் ஒன்று பாக்கி இருந்தது, அவள்தான் கேட்டாள்.

"ஃபோர்மேன் அண்ணன்?"

"வெல்டர் பட்டறைக்கு ரெண்டு வாரம் வந்தாரு. இடிச்சுக்கிட்டு நிக்க முடியலன்னு வர்றதை விட்டுட்டாரு. அப்புறம் ஒரு சனிக்கிழமை, 'நான் எங்கயும் போகல'ன்னு கட்டில்லயே உக்காந்துட்டாராம். முப்பது பிள்ளைங்களும் இவரையே பார்க்க, இவரு பிள்ளைங்களைப் பார்க்க, அன்னைக்குப் பாடமே நடக்கலையாம். வீட்ல பெரிய சண்டை. மகன் கத்த, மருமக அழ. ஆனா மனுஷன் அசையல."

"அப்புறம்?"

"ஹால் நடுவுல குறுக்க திரை போட்டுட்டாங்க அண்ணி. அந்தப் பக்கம் கிளாஸ், இந்தப் பக்கம் இவரு. ரேடியோ மட்டும் போடக்கூடாதாம். இப்ப அப்படியே ஓடுது."

அவள் அந்த ஹாலை நினைத்துப் பார்த்தாள். செருப்பு அலமாரி, கட்டில், இப்போது ஒரு திரை. விடுதலையா இது? அவளால் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

"ஃபேன் எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்டாள்.

"நானும் அதைத்தான் முதல்ல பார்த்தேன்" என்றார் ஸ்டோர்கீப்பர். "அவரு பக்கம்தான். பிள்ளைங்களுக்கு மருமக தனியா ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கு."